மீன்களுக்குப் பெயர் வைத்த டாக்டர்

புதுச்சேரி நகரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கும் ஊர் பிள்ளைச்சாவடி. மீனவர்கள் வாழும் ஊர். அங்கே ஒரு சிறுவனிடம் வலையில் விழுந்த மீனைக் காட்டி, இது என்ன மீன் என்று கேட்டால் பட்டென்று பெயரைச் சொல்லிவிடுவான். அது எவ்வளவு பெரிதாக வளரும், எதைத் தின்னும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவான்.

ஆனால், நகரத்துக் கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்துகிற மீனைப் பற்றி, அதை வாங்குகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அழகாக இருக்கிறது, வாங்கினேன் என்பார். அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

சிவப்பு நிறத்தில், விரல் நீளத்தில் இருந்த குஞ்சு, ஓர் ஆண்டுக்குள் முழங்கை நீளம் வளர்ந்துவிடும். நிறமும் மாறிவிடும். கூட இருந்த சின்ன மீன்கள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும்! அப்போதுதான் வீட்டுக்காரர் திகைப்பார். இதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசிப்பார்.

வளர்ப்பதற்கு முன்பு அந்த மீனைப் பற்றித் தெரிந்துகொண்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

நம் நாட்டு மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அளந்து, படம் வரைந்து, அது எந்தத் தண்ணீருக்கு உரியது என்று எழுதி வைத்த ஒருவர் இருந்தார். அவர் வெள்ளைக்காரர். ராணுவ டாக்டர். பெயர், பிரான்சிஸ் டே. குஞ்சும் பெரிய மீனும் வேறு வேறாகத் தோன்றும் ஒரு மீன், அவ்வளவு பெரிய நிபுணரையே குழப்பிவிட்டது. அந்தக் குழப்பம் தீர 146 ஆண்டுகள் ஆயின!

அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

பிறப்பும் படிப்பும்

பிரான்சிஸ் டே, 1829-ம் ஆண்டு மார்ச் மாதம் 2-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள மேர்ஸ்பீல்டு. வசதியான குடும்பம்.

ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தார். உயிர்களின் தோற்றத்தைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற டார்வினும் அதே பள்ளியில் படித்தவர்தான்.

பிறகு லண்டனில் செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1852-ம் ஆண்டில், சென்னை ராஜதானி ராணுவத்தில் உதவி டாக்டர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23.

அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு புதிய மோகம் பரவிக்கொண்டிருந்தது. 1853-ம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில், கண்ணாடித் தொட்டிகளில் மீன்களை விட்டு மக்களுக்குக் காட்டினார்கள். மறு ஆண்டில், பிலிப் ஹென்றி காஸ் என்பவர் தொட்டியில் மீன் வளர்ப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. அதனால் கண்ணாடி விலை குறைந்திருந்தது. பணக்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லாம் மீன் தொட்டி வந்துவிட்டது.

அங்கே மக்கள் தொட்டிக்குள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டே, இந்தியாவில் ஆற்றிலும் ஏரியிலும் மீனைப் பார்க்கத் தொடங்கினார்.

கொச்சியில் தொடங்கிய வேலை

தொடக்கத்தில் அவருக்குப் பறவைகள் மேல்தான் ஆசை. பட்டாளத்தோடு பல ஊர்களுக்குப் போனார். பர்மாச் சண்டையிலும் டாக்டராக வேலை பார்த்தார்.

பிறகு அவரைக் கொச்சிக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

கொச்சியில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் காயல். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வேறு. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரம் முழுவதும் மீன்களோடு கழிந்தது. மீன் சந்தைக்குப் போவார். வலைகளைப் பார்ப்பார். புது மாதிரியான மீன் கிடைத்தால் வாங்கி வந்து, அதன் துடுப்பு முட்களையும் செதில்களையும் எண்ணிக் குறித்துக்கொள்வார். சாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்துவார்.

கொச்சியின் பழைய வரலாற்றையும் ஒரு புத்தகமாக எழுதினார். அது 1863-ம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மலையாளக் கரை மீன்களைப் பற்றிய புத்தகம் வந்தது.

மலை அடிவாரமான முண்டக்கயத்தில், ஹென்றி பேக்கர் என்ற பாதிரியார் இருந்தார். அவர் அந்தப் பக்கத்து ஆற்று மீன்களை டேக்கு அனுப்பி உதவினார்.

அப்படிக் கிடைத்தவற்றில் ஓர் அழகான மீன் இருந்தது. உடல் வெள்ளி நிறம். பக்கவாட்டில் கருப்புக் கோடு. அதற்கு மேல் ரத்தச் சிவப்பில் இன்னொரு கோடு. 1865-ம் ஆண்டில், அப்போது சென்னை கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை அந்த மீனுக்கு வைத்தார் டே.

அந்த மீன் எது தெரியுமா? இன்று 'மிஸ் கேரளா' என்று உலகம் முழுவதும் மீன் தொட்டிக்காரர்கள் ஆசையோடு வாங்கும் மீன்தான் அது! இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் அலங்கார மீன்களில் பெயர் பெற்றது. அளவுக்கு மீறிப் பிடித்ததால், இப்போது அது அழியும் ஆபத்தில் இருக்கிறது.

விராலும் காற்றும்

டேயின் கவனத்தைக் கவர்ந்த இன்னொரு கூட்டம், விரால் குடும்பம்.

விராலைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை. ஏரி மீன்களில் ராஜா அது. முள் குறைவு. ருசி அதிகம். நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு விரால் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். அதே குடும்பத்தில் சின்னது குறவை. பெரியது அவிரி; அதைப் பூவிரால் என்றும் சொல்லுவார்கள்.

இந்தக் குடும்பம் முழுவதுமே வேட்டையாடும் ஜாதி. செடி மறைவில் அசையாமல் நிற்கும். தவளையோ சின்ன மீனோ பக்கத்தில் வந்தால், ஒரே பாய்ச்சல்! தலை பாம்பின் தலையைப் போல இருப்பதால், மேல்நாட்டார் இதைப் 'பாம்புத்தலை மீன்' என்கிறார்கள்.

டே வருவதற்கு முன்பே, நம் நாட்டு மீன்கள் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெயர் வாங்கியிருந்தன. தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார், பெர்லின் நகரத்தில் இருந்த பிளாக் என்ற டாக்டருக்கு மீன்களை அனுப்பி வந்தார். விராலுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் அந்த பிளாக்தான். அது 1793-ம் ஆண்டில். புதுச்சேரியிலிருந்தும் மீன்கள் போயின. 1816-ம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்த லெஷ்னோ என்ற பிரெஞ்சுக்காரர், செடிகளோடு மீன்களையும் சேகரித்துப் பாரிஸ் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். அங்கே குவியே என்ற பெரிய விஞ்ஞானியின் புத்தகத்தில் அவை இடம் பெற்றன.

ஆனால், அவர்கள் எல்லாம் பெரும்பாலும் செத்த மீனைப் பார்த்து எழுதியவர்கள். விரால் எப்படி வாழ்கிறது என்பதை நேரில் பார்த்து ஆராய வேண்டும் என்று டே நினைத்தார்.

ஏரி வற்றிய பிறகும் விரால் சேற்றுக்குள் உயிரோடு இருக்கிறது. சந்தையில் கூடையில் போட்டு வைத்தாலும் நெடுநேரம் துள்ளுகிறது. இது எப்படி?

உயிருள்ள மீன்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தார் டே. அவை அடிக்கடி மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போயின. பிறகு, அவை மேலே வர முடியாதபடி தண்ணீருக்குள்ளேயே தடுப்புக் கட்டினார். பாத்திரம் நிறையத் தண்ணீர் இருந்தும், மீன்கள் திணறிச் செத்தன!

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? விரால் சாகும்!

அதன் செவுளுக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் ரத்த நாளங்கள் நிறைந்திருக்கின்றன. விழுங்கிய காற்று அந்த அறைக்குள் போய், ரத்தத்தில் கலக்கிறது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றும் வேண்டும். இலங்கையிலும் வேறு இடங்களிலும் இதே காலத்தில் சிலர் இப்படிச் சோதனை செய்து பார்த்தார்கள். எல்லோருக்கும் கிடைத்த விடை ஒன்றுதான்.

இன்று வீட்டில் விரால் வகை வளர்க்கிறவர்கள், தொட்டி விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்புவது இல்லை. மேலே நாலு விரல் உயரத்துக்காவது இடம் விடுகிறார்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஏமாற்றிய குஞ்சு

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வருவோம்.

1865-ம் ஆண்டில், கொச்சியில் டேக்கு ஒரு மீன் கிடைத்தது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு. உடலின் நெடுக இரண்டு கோடுகள் ஓடின. இதற்கு முன் யாரும் எழுதாத புது விரால் வகை என்று டே முடிவு செய்தார். இரட்டைக் கோடு என்று பொருள்படும்படி, 'டிப்ளோகிராம்மா' என்று பெயர் வைத்தார்.

பிறகு பெரிய மீன்களையும் பார்த்தார். அவை கன்னங்கரேல் என்று, திட்டும் புள்ளியுமாக, வேறு மாதிரி இருந்தன. ஜாவாத் தீவில் கிடைக்கும் ராட்சத விரால் ஒன்றைப் பற்றிக் குவியேயின் புத்தகத்தில் எழுதியிருந்தது. அதன் குஞ்சுக்கும் இரண்டு கோடுகள் உண்டு. மலையாளக் கரை மீனும் ஜாவா மீனும் ஒன்றே என்ற எண்ணம் டேக்கு வந்தது.

பிற்பாடு வெளியிட்ட பெரிய புத்தகத்தில், தாம் வைத்த பெயரைத் தாமே நீக்கிவிட்டார்! இரண்டும் ஒரே மீன் என்று எழுதினார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே போயிற்று.

2011-ம் ஆண்டில், இந்தியாவையும் வெளிநாட்டையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்த மீனை மறுபடியும் கையில் எடுத்தார்கள். துடுப்பு முட்களையும் செதில்களையும் எண்ணினார்கள். மரபணுவையும் சோதித்தார்கள். முடிவு என்ன?

டே முதலில் சொன்னதுதான் சரி!

மலையாளக் கரை விரால் தனி ஜாதி. ஜாவா ராட்சத விராலும் அதுவும் பிரிந்து கோடிக்கணக்கில் ஆண்டுகள் ஆகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆறுகளைத் தவிர, உலகில் வேறு எங்கும் அது இல்லை. 1865-ம் ஆண்டில் வைத்த பெயர், 146 ஆண்டுகள் கழித்து அதற்குத் திரும்பக் கிடைத்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஜாவாவிலும் மலேயாவிலும் தாய்லாந்திலும் கிடைக்கிற மீன்தானே என்று நினைத்திருந்த வரையில், அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. இங்கே மட்டும் உள்ள மீன் என்று தெரிந்த பிறகுதான், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஆபத்துக்கு இலக்கான மீன்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

அதன் குஞ்சுகள் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த அழகோடு இருக்கும். அதனால் மீன் தொட்டிக்காக அவற்றைப் பிடித்து விற்கிறார்கள். விரால் தாயும் தந்தையும் குஞ்சுகளை விட்டுப் பிரியாமல் காவல் காக்கும். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே வரும்போது, கீழே பெற்றவை நிற்கும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால், பெரிய மீனும் அங்கேயே இருப்பது பிடிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் குடும்பம் முழுவதும் அகப்பட்டுவிடுகிறது.

அணையும் உல்லமும்

டேயின் வேலை பெயர் வைப்பதோடு நின்றுவிடவில்லை.

கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டியவர், ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர். அணைகளால் வயல் விளைந்தது. ஆனால், கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வந்து முட்டையிடும் உல்லம் போன்ற மீன்களுக்கு வழி அடைபட்டது. இதனால் மீன் வளம் கெடுமோ என்ற கவலை, அணை கட்டிய காட்டனுக்கே ஏற்பட்டது. இதை ஆராயும் பொறுப்பு 1867-ம் ஆண்டு வாக்கில் டேயிடம் வந்தது.

அணையின் அடியில் மீன்கள் மேலே போக முடியாமல் முட்டி மோதி நிற்பதையும், அங்கேயே அவற்றை வாரிப் பிடிப்பதையும் டே கண்டார். அணைகளில் மீன் ஏறிப் போக வழி விட வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினார்.

1871-ம் ஆண்டில், இந்தியா முழுவதற்கும் மீன் துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. பர்மா வரைக்கும் சுற்றினார். ஊர் ஊராக விசாரித்தார். தாசில்தார்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். மீன்களின் தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். விரால் என்ற நம் பெயரும் அவர் புத்தகத்தில் ஏறியது.

1873-ம் ஆண்டில் இரண்டு பெரிய அறிக்கைகளை வெளியிட்டார். ஒன்று ஆற்று மீன் பற்றியது. மற்றொன்று கடல் மீன் பற்றியது.

கண் சிறிதான வலைகளால் குஞ்சுகள் அழிகின்றன, நஞ்சு கலந்து மீன் பிடிக்கிறார்கள், வாய்க்காலை அடைத்துப் பொறி வைக்கிறார்கள், இதை எல்லாம் தடுக்க வேண்டும் என்றார். உப்பு வரியைப் பற்றியும் எழுதினார். வரியால் உப்பு விலை ஏறிவிட்டது. ஏழை மீனவர் மீனுக்கு நல்ல உப்புப் போட முடியவில்லை. அதனால் மீன் கெட்டுப்போகிறது என்று எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் சென்னை ராஜதானிக் கடற்கரையில் மீன் உப்பிடும் இடங்கள் ஏற்பட்டு, அங்கே மீனவர்களுக்கு வரியில்லாத உப்புக் கிடைத்தது.

ஆறுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னது மட்டும் உடனே நடக்கவில்லை. சர்க்கார் யோசித்துக்கொண்டே இருந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம், 1897-ம் ஆண்டில்தான் வந்தது. அப்போது டே உயிரோடு இல்லை.

தோற்றுப்போன முயற்சி

ஒரு காரியத்தில் டே தோற்றுப்போனார். அதையும் சொல்ல வேண்டும்.

நீலகிரி ஓடைகளில் இங்கிலாந்து நாட்டு டிரவுட் மீனை விட வேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்கு ஆசை. தூண்டில் போட்டு விளையாடுவதற்கு அந்த மீன் ஏற்றது. 1860-களில் அதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவர டே முயன்றார். குளிர்ந்த நாட்டு முட்டைகள், வெயில் தாங்காமல் கெட்டுப்போயின.

அந்த மீனை நீலகிரியில் வளர்ப்பதில் வெற்றி கிடைத்தது, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவலாஞ்சியில் வில்சன் என்பவர் அதைச் செய்தார்.

ஒரு நாட்டு மீனை இன்னொரு நாட்டு ஆற்றில் விடுவது தவறு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை. டேக்கும் இல்லை. அதனால் வரும் கேடு, பின்னால் வந்தவர்களுக்குத்தான் புரிந்தது.

பெரிய புத்தகம்

1875-ம் ஆண்டு முதல் 1878-ம் ஆண்டு வரை, பகுதி பகுதியாக ஒரு புத்தகம் வெளிவந்தது. 'இந்தியாவின் மீன்கள்' என்பது அதன் பெயர். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் கடலிலும் ஆற்றிலும் உள்ள மீன்கள் அதில் அடக்கம். படங்கள் மட்டும் ஏறக்குறைய 200 பக்கம்! இன்றுகூட, இந்திய மீனைப் பற்றி ஆராய்கிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

வேலை உயர்ந்தது. ஆனால், வீட்டு வாழ்க்கையில் துன்பம் மிகுந்தது. டே இரண்டு முறை திருமணம் செய்துகொண்டார். இரண்டு மனைவியரையும் பறிகொடுத்தார்.

1877-ம் ஆண்டில் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் குடியேறினார். சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து நாட்டு மீன்களைப் பற்றியும் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்.

சிட்னிக்குப் போன மீன்கள்

1883-ம் ஆண்டில், லண்டனில் உலக மீன் கண்காட்சி நடந்தது. இந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளர் டே. பல ஆண்டுகளாகச் சேகரித்த மீன்களை அங்கே வைத்தார்.

அந்தச் சேகரம் லண்டன் காட்சிச்சாலைக்குத்தான் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், அங்கே விலங்கியல் பகுதிக்குத் தலைவராக இருந்த குந்தர் என்பவருக்கும் டேக்கும் நெடுநாளாகவே ஆகாது. ஒருவர் எழுதியதை மற்றவர் மறுப்பார். இரண்டு பேரும் பெரிய அறிவாளிகள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிவில், சேகரத்தின் பெரும் பகுதி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் காட்சிச்சாலைக்கு விலைக்குப் போயிற்று! நம் கொச்சியிலும் சென்னையிலும் பிடித்த மீன்கள் கப்பல் ஏறி, உலகின் இன்னொரு மூலைக்குப் போயின. இன்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் டே பார்த்த அதே மீனைப் பார்க்க வேண்டுமானால், சில சமயம் சிட்னிக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. பிற்பாடு கோபம் தணிந்து, மிச்சம் இருந்தவற்றை லண்டன் காட்சிச்சாலைக்கே கொடுத்தார் டே.

1885-ம் ஆண்டில் சர்க்கார் அவருக்குச் சி.ஐ.இ. பட்டம் கொடுத்துக் கவுரவித்தது. இந்திய உயிரினங்களைப் பற்றிய பெரிய நூல் வரிசையில், மீன்களுக்கு உரிய இரண்டு புத்தகங்களை எழுதி முடித்தார். 1,400-க்கும் மேற்பட்ட மீன்கள் அவற்றில் இடம் பெற்றன. அவை 1889-ம் ஆண்டில் வெளிவந்தன.

அதே ஆண்டு, ஜூலை மாதம் 10-ந் தேதி பிரான்சிஸ் டே காலமானார். அவருக்கு வயது 60.

அவர் இறந்து 20 ஆண்டுகள் கழித்து, 1909-ம் ஆண்டில், சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ஆனால், தண்ணீருக்குள் மீன் எப்படி வாழ்கிறது என்பதைச் சென்னை மக்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தது அங்கேதான்.

தொட்டியிலிருந்து ஆற்றுக்கு

டே காலத்தில் மீனை வீட்டில் வளர்த்தவர்கள் சிலர். இன்று தெருவுக்குத் தெரு மீன் கடை இருக்கிறது. தென்அமெரிக்காவில் அமேசான் ஆற்றில் இருக்கும் அரபைமா மீனின் குஞ்சுகூட நம் ஊரில் கிடைக்கிறது. அது ஆள் உயரத்துக்கு மேல் வளரும்! வட அமெரிக்காவின் முதலைவாய் மீனும் அப்படித்தான்.

2018-ம் ஆண்டில் கேரளத்தில் பெரிய வெள்ளம் வந்தது. குளங்களும் பண்ணைகளும் உடைந்தன. வெள்ளம் வடிந்த பிறகு, மீனவர் வலையில் அரபைமாவும் முதலைவாய் மீனும் விழுந்தன! டே பெயர் வைத்த மீன்கள் வாழும் அதே நாட்டு ஆறுகளில், அவற்றைத் தின்றுவிடக்கூடிய அந்நிய மீன்கள் புகுந்துவிட்டன.

விராலே அந்நிய நாட்டுக்குப் போய்க் கேடு விளைவித்ததும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் ஒருவர், உடல்நலம் இல்லாத சகோதரிக்குச் சாறு வைத்துக் கொடுக்க, சீன விரால் இரண்டை உயிரோடு வாங்கினார். அதற்குள் சகோதரிக்கு உடம்பு தேறிவிட்டது. மீன்களை வீட்டுத் தொட்டியில் விட்டு வளர்த்தார். தொட்டிக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்ததும், பக்கத்துக் குட்டையில் விட்டுவிட்டார்.

2002-ம் ஆண்டில் பார்த்தால், குட்டை முழுவதும் விரால்! அதிகாரிகள் குட்டையில் மருந்து ஊற்றி அத்தனையையும் அழித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் செத்து மிதந்தன. அந்த ஆண்டிலேயே, விரால் குடும்பத்து மீன்களை உயிரோடு கொண்டுவருவதை அமெரிக்கா தடுத்துவிட்டது.

அந்த மனிதர் கெட்டவர் அல்ல. மீனைக் கொல்ல மனம் வரவில்லை. அவ்வளவுதான். ஆனால், மீனின் மேல் காட்டிய இரக்கம், குட்டைக்குக் கேடாக முடிந்தது.

வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது

வேட்டையாடும் பெரிய மீனை வளர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதைப் போல அறிவுள்ள மீன் குறைவு. விரால் தன்னை வளர்க்கிறவரைக் கண்டால் கண்ணாடி ஓரத்துக்கு வந்து நிற்கும். ஆனால், சில விஷயங்களை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பெயரைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் செல்லப் பெயர் போதாது. எந்த நாட்டு மீன், வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குஞ்சின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். டேயையே குழப்பியது அந்த நிறந்தான்!

வளர்ந்த மீன் திரும்பிப் படுக்க இடம் வேண்டும். இரண்டு அடி மீனுக்கு, ஆறு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள தொட்டியாவது தேவை. அதை வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரின் கனத்தைத் தரை தாங்குமா என்றும் பாருங்கள்.

தொட்டிக்கு மூடி அவசியம். விரால் துள்ளி வெளியே விழுந்துவிடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

சின்ன மீன்களை அதோடு சேர்க்காதீர்கள். தேவைக்கு மேல் தீனி போடாதீர்கள். பெரிய மீனின் கழிவு அதிகம். தண்ணீர் சீக்கிரம் கெடும். வாரந்தோறும் ஒரு பகுதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. வளர்க்க முடியாமல் போனால், கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்த வேறு ஒருவரிடமோ கொடுத்துவிடுங்கள். ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஒரே ஒரு மீன்தானே என்று நினைக்காதீர்கள். மேரிலாந்துக் குட்டையில் விட்டதும் இரண்டே மீன்கள்தான்.

எந்த மீன் எந்தத் தண்ணீருக்கு உரியது என்பதை எழுதி வைக்க, பிரான்சிஸ் டே ஏறக்குறைய 30 ஆண்டுகள் உழைத்தார். பிள்ளைச்சாவடிச் சிறுவன் அதைத் தன் தகப்பனாரிடம் கேட்டே தெரிந்துகொள்கிறான். மீன் தொட்டி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் அதைக் கேட்க, ஐந்து நிமிஷம் போதும்.